பாடக் குதிரையைப் பிள்ளைகளிடம் அழைத்துப்போகும் முன்

அன்பு மகளே,

கொழும்பில் குதிரையேற்றப் பள்ளியில் வேலை பழகி முடித்துவிட்டுப் பசறைக்கே திரும்பி வரப்போவதாக எழுதியிருந்தாய். நடக்க முடியாத, பேச்சு வராத நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குதிரையைக் கொண்டு சிகிச்சை கொடுக்கும் வேலையைத் தொடங்க ஆசை என்றும், பாடத்துக்குப் பயன்படுத்திய இரண்டு குதிரைகளைப் பள்ளி முதலாளி தருவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். வாசித்ததும் மனம் நிறைந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊவா மலைகளுக்குக் குதிரை வெள்ளைக்காரத் துரைமாரோடு வந்தது. ரயில் பண்டாரவளையைத் தொட்டது 1894-இல். பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. மோட்டார் பாதை இல்லாத அந்த நாட்களில் துரை குதிரையேறி மலை சுற்றுவார், குதிரைக்காரன் பின்னாலேயே ஓடுவான். என் தாத்தா அப்படி ஓடியவர். குதிரையைக் குளிப்பாட்டலாம், புல் போடலாம், மழையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். மேலே ஏற மட்டும் அவருக்கு உரிமை இல்லை. அந்த மிருகத்தின் முதுகில் நம் லயத்துப் பிள்ளை ஒன்று உட்காரப்போகிறது என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆகவே நான் பார்த்ததையும், பெரியவர்கள் எனக்குச் சொன்னதையும் சொல்கிறேன். பொறுமையாகக் கேள்.

1. சிகிச்சை வேலையைக் குதிரைக்குக் கிடைத்த ஓய்வு என்று நினைக்காதே. குதிரைப் பள்ளிகளில் பரவலாக ஓர் எண்ணம் உண்டு. கால் தளர்ந்துவிட்டது, தாவ முடியவில்லை, பாடத்துக்கு ஆகாது என்று ஆனதும், "அந்தச் சுகமில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம், மெதுவாக நடந்தால் போதும்தானே" என்பார்கள். கேட்க அன்பாக இருக்கும். ஆனால் உண்மையில் அது செய்ய வேண்டிய வேலை வேறு. ஒரு பக்கமாகச் சரியும் உடம்பை முதுகில் தாங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் ஒட்டிக்கொண்டு நடப்பார்கள். திடீரென்று ஒரு கத்தல் எழும், ஒரு பந்து காதோரம் பறக்கும். அத்தனைக்கும் நடுவே அடி மாறாமல் நடக்க வேண்டும், நிறுத்தினால் அசையாமல் நிற்க வேண்டும். நல்ல உடம்பும் நல்ல மனமும் உள்ள குதிரைக்கே இது கடினம். இன்னொன்றையும் யோசி: பிள்ளையின் இடுப்புக்குப் போய்ச் சேருவது குதிரையின் நடைதான். குதிரை நொண்டினால் அந்த நொண்டல் பிள்ளையின் முதுகெலும்புக்கும் போகும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று நம் ஆட்கள் சொல்வது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும். முதலாளி தரும் இரண்டையும் மிருக வைத்தியரிடம் காட்டு. தட்டையான தரையில் நடக்கவிட்டு, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார். சரியில்லை என்றால், நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உனக்கு இருக்க வேண்டும். இலவசமாக வருவதை மறுக்கத்தான் அதிகத் தைரியம் வேண்டியிருக்கிறது.

2. கீழ்ப்படிகிற குதிரைக்குத்தான் முதலில் குழப்பம் வரும் என்பதை மறக்காதே. பாடக் குதிரைக்கு நாம் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? ஏறியிருப்பவரின் கெண்டைக்கால் விலாவை அழுத்தினால் முன்னால் போ என்று அர்த்தம். லகான் இறுகினால் நில். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் திரும்பு. நாள் தவறாமல் இதைத்தான் அது படித்து வந்திருக்கிறது. இப்போது பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளையை அதன் மேல் உட்கார வைக்கிறாய். பிள்ளையின் தொடைத் தசைகள் தானாக இறுகிக் கத்தரி போலக் கவ்விக்கொள்கின்றன. குதிரைக்கு அது "போ, போ" என்று கேட்கிறது. முன்னால் கயிறு பிடித்திருப்பவரோ "நில்" என்கிறார். சோம்பேறிக் குதிரை இதைப் பொருட்படுத்தாது. நல்ல குதிரைதான் தவித்துப்போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெட்டைக் குதிரை, பள்ளியிலேயே சொல் பேச்சு கேட்பதில் முதல் ஆள். சிகிச்சைப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கிய பிறகு வாயை அரைத்துக்கொண்டே நடக்கும், நிறுத்தினால் வியர்த்துப்போய் நிற்கும். அது கெட்டுவிட்டது என்று எல்லோரும் பேசினார்கள். இரண்டு எஜமானுக்கு ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கப் பார்த்தது, அவ்வளவுதான். பிறகு முத்து என்ற ஒரு கிழவர், அந்தக் குதிரை லயத்தில் வேலை பார்த்தவர், அதற்குப் புதுப் பாடம் ஆரம்பித்தார். முதலில் வெறும் சேணத்தோடு, இரண்டு பக்கமும் ஆள் நடக்க, கயிற்றில் நடத்தினார். பிறகு மணல் மூட்டையைக் கட்டி நடத்தினார். அடுத்து வளர்ந்த ஆட்களை ஏற்றி, வேண்டுமென்றே சரியவும் கால்களை இறுக்கவும் கத்தவும் சொன்னார். கயிறு பிடித்தவர் சொல்வதை மட்டும் கேட்டால் போதும், மேலே இருப்பவரின் காலைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது அதற்கு விளங்க மாதங்கள் ஆயின. விளங்கிய நாளில் அதன் கழுத்து இறங்கித் தளர்ந்ததைப் பார்த்தேன். அந்த மாதங்களைக் குறைக்கப் பார்க்காதே. அதே குதிரையைக் காலையில் பாடத்துக்கும் மாலையில் சிகிச்சைக்கும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டிய நிலை வந்தால், இரண்டுக்கும் வேறு வேறு சேணம் போடு, இடத்தையும் வேறாக வை. இப்போது எந்த வேலை என்று அதற்கு முன்கூட்டியே தெரியட்டும்.

3. அமைதியாக நிற்பதும், விட்டுக்கொடுத்துவிட்டு நிற்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை உன் கண் படிக்கும் வரை ஒரு பிள்ளையையும் ஏற்றாதே. அமைதியான குதிரையின் காதுகள் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும்; ஒன்று உன் பக்கம், ஒன்று பிள்ளையின் பக்கம். கண்ணுக்கு மேலே சுருக்கம் இருக்காது. கீழுதடு தொங்கும், மூச்சு நீளமாக வரும், இடையிடையே கனைப்பது போல மூக்கால் காற்றை விடும். விட்டுக்கொடுத்த குதிரையும் அசையாது. ஆனால் அதன் காது எதையும் தேடாது, பார்வை எங்கும் பதியாது, தொட்டால் திரும்பிப் பார்க்காது. பார்க்க வருகிறவர்கள், "எவ்வளவு சாது!" என்று மெச்சிக்கொள்வார்கள். எந்தச் "சாது" என்று நீ பார்த்துக்கொள்.

குதிரை எடுத்த எடுப்பில் சண்டை போடாது, முதலில் சொல்லிப் பார்க்கும். சேணத்தைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்ளும். வார் இறுக்கும்போது பல்லைக் கடிக்கும். வாலை வீசும், ஈ இல்லாத நேரத்திலும். ஏற்றும் மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் ஓரடி விலகி நிற்கும். இவை எல்லாம் அது சொல்லும் "வேண்டாம்". இவற்றைக் கேட்காமல் விட்டால் ஒரு நாள் கடிக்கும், உதைக்கும். அன்றைக்கு எல்லோரும் "திடீரென்று கடித்துவிட்டது" என்பார்கள். திடீரென்று எதுவும் நடப்பதில்லை, மகளே. தாத்தா ஒன்று சொல்லுவார்: குதிரைக்குக் காதுதான் வாய். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் துரையின் குதிரை எந்த நாளில் மலை ஏறாது என்பதைத் துரைக்கு முன்னால் தெரிந்துவைத்திருப்பார்.

குதிரை "வேண்டாம்" என்று சொன்ன நாளில் அந்தப் பிள்ளையின் வகுப்பை ஏறாத வகுப்பாக மாற்று. பிள்ளைக்கும் அதைச் சொல்: "இன்றைக்கு இவளுக்கு மனமில்லை, நாம் பக்கத்தில் இருப்போம்." தன் உடம்பைத் தன்னைக் கேட்காமல் எல்லோரும் தூக்கியும் மடக்கியும் நீட்டியும் வளர்த்த ஒரு பிள்ளைக்கு, ஓர் உயிர் "வேண்டாம்" என்று சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்பதைக் கண்ணால் பார்ப்பது பெரிய மருந்து. அந்தப் பாடத்தை எந்தச் சேணமும் கொடுக்காது.

4. நடையைப் புரிந்துகொள், அதிசயத்தை விற்காதே. குதிரையின் நடை நான்கு தாளம். ஒவ்வொரு காலும் தனித்தனியாகத் தரையைத் தொடும். அந்த அசைவு மேலே இருப்பவரின் இடுப்பை முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், சற்றே சுழற்றியும் அசைக்கிறது. நீயும் நானும் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒருநாளும் நடந்திராத பிள்ளையின் இடுப்புக்கு நடப்பது எப்படியிருக்கும் என்று குதிரை காட்டிக்கொடுக்கிறது. தன்னைத் தானே நேராக வைத்துக்கொள்ளப் பிள்ளையின் முதுகும் வயிறும் வேலை செய்யத் தொடங்குகின்றன. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் மந்திரம் இல்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்ற பெண்ணுக்கு 1944-இல் இளம்பிள்ளை வாதம் வந்து முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்து போயின. ஏறவும் இறங்கவும் பிறர் தாங்க வேண்டிய நிலையில், 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரை நடைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஆண்களோடு போட்டியிட்டு வாங்கியது. அவரைப் பார்த்த பிறகு ஐரோப்பாவில் பல இடங்களில் இந்த வேலைக்கு உயிர் வந்தது. பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகளின் குதிரையேற்றத்துக்கென்று 1969-இல் சங்கம் அமைந்தது, சிங்கப்பூரில் 1982-இல். இந்தக் கதையைத் தாய்மாருக்குச் சொல்லலாம், மனம் தேறும். ஆனால் லிஸ் ஹார்ட்டலின் கால்கள் குணமாகவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல். அவர் கால்கள் அப்படியே இருந்தன. மாறியது அவருடைய வாழ்க்கை.

நம் பக்கத்துத் தாய் ஒருத்தி உன்னிடம் வரும்போது சும்மா வந்திருக்க மாட்டாள். பதுளைப் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றிருப்பாள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போயிருப்பாள். யாரோ ஒருவர் கொடுத்த எண்ணெய்க்குக் காது நகையை அடகு வைத்திருப்பாள். "என் பிள்ளை நடக்குமா?" என்று கேட்பாள். "தெரியாது அம்மா. நேராக உட்காரப் பழகலாம், கழுத்து நிற்கலாம், சந்தோஷப்படலாம்" என்று சொல். அந்த "தெரியாது" என்ற சொல்லை நேர்மையாகச் சொன்னவளிடம்தான் அடுத்த கிழமையும் வருவாள்.

5. வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் ஏற்றாதே. இதில் இரக்கத்துக்கு இடமில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்பு மூட்டு தளர்ந்திருக்கும், குலுக்கல் ஆபத்து. அடிக்கடி வலிப்பு வருகிற பிள்ளை, இடுப்பு மூட்டு விலகிய பிள்ளை, எலும்பு எளிதில் முறிகிற பிள்ளை: இவர்களை ஏற்றலாமா என்று நீயும் நானும் முடிவு செய்யக் கூடாது. இயன்மருத்துவர் ஒருவர் உன்னோடு நிற்க வேண்டும். குதிரை உனக்குத் தெரியும், உடம்பு அவருக்குத் தெரியும். எடையையும் பார். சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதே. 300 கிலோ மட்டக்குதிரைக்கு 60 கிலோ என்பது கடைசி எல்லை. சாய்ந்து உட்காரும் உடம்புக்கு அதையும் குறைத்துக்கொள். பிள்ளைகள் வளர்வார்கள். பன்னிரண்டு வயதில் ஏற்றியவனைப் பதினாறில் ஏற்ற முடியாமல் போகும். அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லி, அவனுக்குக் குதிரை லயத்தில் வேறொரு வேலை வைத்திரு.

6. ஏறாமலே செய்யும் சிகிச்சையைக் குறைவாக நினைக்காதே. நம் மலைப் பக்கம் தட்டையான நிலம் அரிது. அதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பிள்ளை குதிரைக்குத் தண்ணீர் வைக்கலாம், தூரிகையால் தேய்க்கலாம், கயிறு பிடித்து நடத்தலாம், பக்கத்தில் நின்று மூச்சைக் கேட்கலாம். மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு, தெருவில் அலைந்த கழுதைகளுக்கு ஒரு மருத்துவ நிலையம் வைத்து, அந்தக் கழுதைகளோடே விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பழகவிட்டது. பெருமை இல்லாத விலங்கு, பெரிய உயரமும் இல்லை. ஆனால் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கப் பொறுமையான ஓர் உயிர் கிடைத்தது. முடிந்தால் போய்ப் பார், அங்கிருப்பவர்களோடு பேசு. குதிரை இல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற எண்ணம் உனக்கு அங்கே கரையும்.

ஏறாத சிகிச்சை மனதுக்குள் பயந்த பிள்ளைகளுக்கும் ஆகும். 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நீ சின்ன வயதில் கேட்டிருப்பாய். அதற்குப் பிறகு நம் பக்கத்தில் மழை பிடித்தாலே எழுந்து உட்காரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் ஒரு குறையும் இராது, உள்ளுக்குள் எந்நேரமும் ஓடத் தயாராக இருப்பார்கள். குதிரையும் அப்படிப் பிறந்ததுதான். ஆபத்து என்றால் ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. முன்னாலும் பின்னாலும் ஒரு சிறு இடம் தவிரச் சுற்றிலும் அதற்குக் கண் தெரியும், எந்தச் சத்தத்துக்கும் முதலில் காது போகும். ஆனால் பயந்துவிட்டு, சுற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கண்டதும் தலையை இறக்கிப் புல் மேயப் போய்விடும். பயத்தை வைத்துக்கொண்டே இருக்காது. தகரக் கூரையில் மழை விழும்போது குதிரைப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியை எனக்கு நினைவிருக்கிறது. யாரும் அவளிடம் எதையும் விளக்கவில்லை. குதிரை தலையைத் தூக்கியது, கேட்டது, மறுபடி வைக்கோலில் வாய் வைத்தது. அவளும் தரையில் உட்கார்ந்தாள். இந்த வேலைக்கு முதுகு தேவைப்படவில்லை. பாடத்தில் களைத்த குதிரைக்கும் இது இதமான வேலை.

7. குரலைத் தாழ்த்தப் பழகு, உன்னோடு வருபவர்களையும் பழக்கு. ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் வேண்டும்: முன்னால் கயிறு பிடிப்பவர் ஒருவர், இரண்டு பக்கமும் நடப்பவர் இருவர். கயிறு பிடிப்பவரின் கண் குதிரையின் மேல் மட்டும். பக்கத்தில் நடப்பவரின் கண் பிள்ளையின் மேல் மட்டும். யாரும் கைபேசியைத் தொடக் கூடாது. யாரும் அடுத்தவரின் வேலையைச் செய்யக் கூடாது. பக்கத்தில் நடப்பவர் பிள்ளையை இறுக்கிப் பிடித்தால் பிள்ளையின் முதுகு வேலை செய்யாது. கை பக்கத்திலேயே இருக்கட்டும், பிடி தளர்ந்திருக்கட்டும்.

நம் தோட்டங்களில் வேலை சத்தத்தால் நடந்தது. பிரட்டுக்களத்தில் பேர் வாசிக்கும் குரல், மலையில் கங்காணியின் அதட்டல், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையின் சிடுசிடுப்பு. அதட்டிச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்று மூன்று நான்கு தலைமுறையாக நம் காதில் ஏறியிருக்கிறது. உதவிக்கு வரும் நம் பையன்கள் நல்லவர்கள், கைச்சுத்தமானவர்கள். ஆனாலும் அவசரத்தில் வாயைத் திறந்தால் அந்தப் பழைய குரல் வந்துவிடும். குதிரை அதற்கு நடுங்கும். ஓட்டிசம் உள்ள பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும். அந்தக் குரலை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல். முதலில் உன்னிடமிருந்து அது போக வேண்டும். நீ பயத்திலோ கோபத்திலோ இருக்கும் நாளில் கயிறு பிடிக்காதே. உன் முழங்கையின் இறுக்கம் கயிறு வழியே குதிரைக்குப் போய்விடும்.

பேச்சு வராத பிள்ளைகளுக்கு இன்னொன்று. பாடக் குதிரைகள் ஆங்கிலக் கட்டளைக்குப் பழகியவை. நீ அதற்குத் தமிழில் "போ" என்றும் "நில்" என்றும் கற்றுக்கொடு, சில நாட்களில் பிடித்துக்கொள்ளும். பிறகு, பிள்ளை வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்ல முயலும் வரை குதிரை நகராமல் நிற்கட்டும். முழுச் சொல் வராது. "ப்" என்று ஒரு காற்று வந்தாலும் போதும், உடனே நடக்கவிடு. தன் வாயிலிருந்து வந்த காற்று இவ்வளவு பெரிய உயிரை அசைத்துவிட்டது என்று அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரியும்போது நீ அழுதுவிடுவாய். அழு, தவறில்லை. சத்தமில்லாமல் அழு.

8. காலத்தையும் காற்றையும் பார்த்து வேலை வை. ஆடி ஆவணியில் ஊவாவில் அடிக்கும் காய்ந்த காற்று தேயிலைக்கு மணத்தைக் கொடுக்கும், குதிரையின் நரம்பைக் கெடுக்கும். கூரைத் தகரம் ஒன்று படபடத்தால் போதும். அந்த நாட்களில் காற்று எழும்புமுன் விடியற்காலையில் வகுப்பை முடித்துவிடு. ஐப்பசிக்கு மேல் மழை பிடித்தால் சேற்றில் நின்று குளம்பின் அடியில் அழுகல் வரும். தினமும் குளம்பைத் தூக்கிக் கிளறிச் சுத்தம் செய். அட்டை மூக்கில் ஏறும். மேய்ந்து வந்ததும் பார். தேயிலை மலையில் களைக்கு மருந்தடித்த இடத்துப் புல்லை ஒருபோதும் போடாதே, யார் இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும். எந்த மலையில் என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று தோட்டத்தில் கேட்டு வைத்துக்கொள். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் சுற்றுலாக்காரரைச் சுமந்து களைத்த மட்டக்குதிரைகளை மே மாதத்தில் மலிவாகத் தருவார்கள். வாங்குவதென்றால், வாங்கியதும் நீண்ட ஓய்வு கொடு. முதுகுப் புண் ஆறுவதற்கு முன் சேணத்தைக் காட்டாதே.

9. குதிரையின் நாளைக் கணக்கு வை. எந்தக் குதிரை, எந்தப் பிள்ளை, எவ்வளவு நேரம், இறங்கிய பின் எப்படி நின்றது என்று ஒரு கொப்பியில் எழுது. அரைமணி நேரச் சிகிச்சையை ஒரு மணி நேரப் பாடமாகக் கணக்கில் போடு. ஒரு பிள்ளை இறங்கியதும் அடுத்த பிள்ளையைத் தூக்கி வைக்காதே. குதிரை தலையை உதறட்டும், சிறுநீர் கழிக்கட்டும், ஒரு வாய் புல் தின்னட்டும். நன்றாக ஏறத் தெரிந்தவள் நீ; கிழமையில் சில நாள் நீயே அதைத் திறந்த வெளியில் ஓட்டிவிட்டு வா. சாய்ந்த எடையைத் தாங்கித் தாங்கி ஒரு பக்கம் இறுகிய முதுகு அப்படித்தான் நேராகும். மற்ற நேரத்தில் வேறொரு குதிரையோடு சேர்த்து மேயவிடு. தனியாகக் கட்டிப்போட்ட குதிரை எவ்வளவு தீனி போட்டாலும் தேறாது. காத்திருக்கும் பட்டியல் நீளும். இன்னும் ஒரு பிள்ளை, இன்னும் ஒரே ஒரு பிள்ளை என்று மனம் இளகும். மற்றவர்கள் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாலும் கொப்பியைப் பார்த்து முடிவெடு.

10. தாயின் ஒரு நாள் பேரை மதி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வரும் நாளில் அவளுக்கு மலையில் பேர் போகும், சம்பளம் குறையும். ஞாயிற்றுக்கிழமையில் வை, அல்லது பல பிள்ளைகளைச் சேர்த்து நீயே குதிரையைக் கொண்டு அவர்களின் தோட்டத்துக்குப் போ. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மைதானம் போதும். பாட்டி ஒருத்தி வந்து குதிரையின் நெற்றியைத் தொட்டுக் கும்பிடுவாள். மதுரைவீரனைக் குதிரையோடு கும்பிட்டு வளர்ந்தவள் அவள். கும்பிடட்டும், சிரிக்காதே; அவளுக்கு அது சாமியின் வாகனம். அவள் கையாலேயே குதிரைக்கு ஒரு பிடி புல் கொடுக்கச் சொல். பணம் தருபவர்கள் படம் கேட்பார்கள். பிள்ளையின் வாயில் நீர் வழியும்போது எடுத்த படத்தை ஒருவருக்கும் அனுப்பாதே. தாயிடம் கேட்டு, அவள் பார்த்துச் சரி என்று சொன்ன படம் மட்டும் போகட்டும். அவள் வேண்டாம் என்றால் படமே வேண்டாம், காசு குறைந்தாலும் சரி.

11. கடைசியாக, குதிரையின் முதுமையை முதல் நாளே எழுதி வாங்கு. குதிரை இருபத்தைந்து வயதுக்கு மேலும் இருக்கும். வேலைக்கு ஆவது அதில் ஒரு பகுதிதான். பாடத்தில் உழைத்து, பிறகு உன்னிடம் உழைத்து, இரண்டுக்கும் ஆகாத நாளில் அது யாருடையது? முதலாளி "உங்களிடம் கொடுத்துவிட்டேனே" என்பார். நீ "அவருடையதுதானே" என்பாய். நடுவில் அது ஏதாவது ஒரு வண்டிக்காரரிடம் போய்ச் சேரும். இப்படிப் போன குதிரைகளை நான் அறிவேன், அவற்றின் பெயர்களையும் அறிவேன். ஆகவே ஒரு பிள்ளையும் ஏறுவதற்கு முன், முதலாளியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுது: சிகிச்சைக்கு ஆகாது என்று மிருக வைத்தியர் சொன்னால் எங்கே நிற்கும், புல்லுக்கும் மருந்துக்கும் யார் காசு, வலி தாங்காத நிலை வந்தால் யார் முடிவெடுப்பார். இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். ஒவ்வொரு வகுப்புக் காசிலிருந்தும், எவ்வளவு சிறிதானாலும், ஒரு பங்கைத் தனிக் கணக்கில் அந்தக் குதிரையின் பெயரில் போட்டு வா. ஹாலிஎலயில் என் வீட்டுக்குப் பின்னால் கினிப்புல் நட்ட கொஞ்ச நிலம் இருக்கிறது, வேலி மட்டும் பார்க்க வேண்டும். தாளில் "எங்கே நிற்கும்" என்ற இடத்தில் அதை எழுதிக்கொள். வரும் ஞாயிறு வா, வேலிக்கு எத்தனை கம்பு வேண்டும் என்று அளந்து பார்ப்போம்.